தேதி தெரிந்த காய்ச்சல்: மைட்டோகாண்ட்ரியா நோயுள்ள குழந்தைக்குத் தடுப்பூசி போடும் முறை

ஆறாவது வாரத்து ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சல் அடிக்கும். குழந்தை இரண்டு நாள் துவண்டு கிடக்கும். சில மாதம் கழித்து மைட்டோகாண்ட்ரியா நோய் (செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் பாகம் சரியாக ஓடாத நோய்) என்று பெயர் தெரியவரும். அதற்குப் பிறகு தாய் சேய் நல அட்டையில் இருக்கிற கட்டங்கள் நிரம்புவதே இல்லை. பாட்டி வேண்டாம் என்பார், பக்கத்து வீட்டிலும் வேண்டாம் என்பார்கள், சில சமயம் மருந்துக் கடைக்காரர்கூட ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். பயம் நியாயமானதுதான். ஆனால் ஊசியை விட்டுவிட்டால் காய்ச்சலிலிருந்து தப்பிவிடலாம் என்று போடுகிற கணக்கு தப்பு. தட்டம்மையோ கக்குவான் இருமலோ என்றைக்கு வரும், எத்தனை நாள் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசியால் வருகிற காய்ச்சலுக்குத் தேதி உண்டு. அந்தத் தேதிக்கு வீட்டை எப்படித் தயார் செய்வது என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

இதில் உள்ள அளவுகள் எல்லாம் பொதுவானவை. உங்கள் குழந்தையின் மரபணு எது, கல்லீரல் எப்படி, வலிப்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்து அவை மாறும். அதனால் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் காட்டி, திருத்தி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்

உடல் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆற்றல் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அதே நேரத்தில் குழந்தை பால் குடிக்காது, சோறு தொடாது. செலவு ஏறி வரவு நின்றால் உடம்பு தன் தசையையும் கொழுப்பையும் கரைத்துச் சமாளிக்கும். சாதாரணக் குழந்தை இரண்டு நாளில் தேறிவிடும். மைட்டோகாண்ட்ரியா சரியாக ஓடாத குழந்தைக்கு இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும், மூளைக்கும் இதயத்துக்கும் போகிற ஆற்றல் குறையும். கழுத்து நின்ற குழந்தைக்குத் தலை சாய்வது, புதிதாக வலிப்பு வருவது எல்லாம் இப்படி நடப்பவை. எந்தத் தொற்று வந்தாலும் இதே பாதைதான். ஆபத்து ஊசி மருந்துக்குள் ஒளிந்திருக்கவில்லை. காய்ச்சலும் பட்டினியும் சேர்ந்துகொள்வதில்தான் இருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே பேசிவிட வேண்டும். மூளையைத் தாக்கும் லீ நோய்க்குறி போன்ற மைட்டோகாண்ட்ரியா நோய்கள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் தலைகாட்டுபவை. தடுப்பூசி அட்டை நெருக்கமாக இருப்பதும் அதே வயதில்தான். ஆகவே ஊசிக்குப் பிறகு தெரிந்ததெல்லாம் ஊசியால் வந்தது ஆகாது. அதற்காக மறைக்கவும் வேண்டாம். ஊசிக்குப் பின் எது நடந்தாலும் கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவ அலுவலரிடமோ சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதற்கென்று முறை இருக்கிறது.

எந்த ஊசிக்கு எந்த நாளில் காய்ச்சல்

பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஊசி), டிபிடி (முத்தடுப்பு ஊசி) இரண்டிலும் உள்ள முழுச்செல் கக்குவான் மருந்துதான், அதாவது கொன்ற கிருமியை முழுதாகக் கொண்டதுதான், அதிகம் சூடேற்றும். போட்ட அன்று மாலையே தொடங்கி 48 மணி நேரத்துக்குள் அடங்கும். நிமோகாக்கல், ஃப்ளூ ஊசிகளுக்கும் அதே ஒன்று இரண்டு நாள்தான், ஆனால் லேசாக. தட்டம்மை ரூபெல்லா ஊசி வேறு வகை. அது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி. உடம்பில் பெருகிய பிறகே வேலை செய்யும் என்பதால் 7-ம் நாளிலிருந்து 12-ம் நாளுக்குள் காய்ச்சல் வரும்.

பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். ஒன்பதாவது மாதத்தில் நிமோகாக்கல் பூஸ்டரும் தட்டம்மை ரூபெல்லாவும் ஒரே நாளில் போடுவார்கள். அப்போது கவனிக்க வேண்டிய காலம் இரண்டு: முதல் 48 மணி நேரம் ஒன்று, அடுத்த வாரத்தில் இன்னொன்று. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் டிபிடி பூஸ்டர், இரண்டாவது தட்டம்மை ரூபெல்லா ஜோடிக்கும் அப்படியே. இரண்டு நாள் நன்றாக இருந்தது, கண்டம் தாண்டியாயிற்று என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்குக் கிளம்பிவிட்டால், மலையில் ஏறும்போது ஜுரம் வந்து நிற்கும். தினசரிக் காலண்டரில் ஊசி நாளிலிருந்து எண்ணி 7 முதல் 12 வரை பேனாவால் வட்டம் போடுங்கள்.

தனியார் மருத்துவமனைகளில் ‘வலியில்லாத ஊசி’ என்று சொல்லப்படுவது செல் நீக்கிய கக்குவான் மருந்து கொண்டது. வலி இல்லாமலும் இல்லை. ஆனால் காய்ச்சல் குறைவு என்பது உண்மை. மைட்டோ நோயுள்ள குழந்தைக்கு, முந்தைய டோஸில் கடும் காய்ச்சல் வந்திருந்தால், அந்தக் கூடுதல் செலவுக்கு அர்த்தம் உண்டு. வலிப்பு கட்டுக்குள் வராத குழந்தைக்கும், மூளைப் பாதிப்பு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிற குழந்தைக்கும் நிலைமை நிதானப்படும்வரை கக்குவான் மருந்தைத் தள்ளிவைப்பார்கள். முந்தைய டோஸ் போட்டு ஏழு நாளுக்குள் வேறு காரணமின்றி மூளை பாதித்திருந்தால் கக்குவான் மருந்து மறுபடி கிடையாது.

மைட்டோ நோய் என்ற காரணத்துக்காக மட்டும் உயிருள்ள கிருமி ஊசிகளை விலக்க வேண்டியதில்லை. விலக்க வேண்டியவர்கள் வேறு: நோய் எதிர்ப்புக் குறைபாடு உறுதியானவர்கள், அதிக அளவு ஸ்டீராய்டை இரண்டு வாரமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள். ஸ்டீராய்டு எடுத்தவர்கள் அதை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் பொறுக்க வேண்டும்.

ஊசிக்கு முன்

முதல் வேலை நெருக்கடிக் கடிதம். ஒரே பக்கம், லேமினேட் செய்து ஊசி அட்டையோடு வையுங்கள். இரவு ஒரு மணிக்கு வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டிலோ ஒடுகத்தூரிலோ பணியில் இருக்கிற இளம் மருத்துவருக்கு இந்த நோய் பாடப்புத்தகத்தில் பார்த்ததாக மட்டுமே இருக்கலாம். அவர் அரை நிமிடத்தில் படித்து முடிக்க வேண்டும். நோயின் பெயர், மரபணு, கடைசியாகப் பார்த்த எடை, எடை பார்த்த தேதி, தினசரி மருந்துகள், அழைக்க வேண்டிய மருத்துவரின் எண் ஆகியவை மேலே. அதன் கீழே மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்.

ஒன்று, ஏற்ற வேண்டிய டிரிப்ஸ். பெரும்பாலானவர்களுக்கு உப்புச்சத்து கலந்த 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். லாக்டேட் ஏற்கெனவே ஏறியிருக்கும் உடம்பில் ரிங்கர் லாக்டேட் வேண்டாம். பைருவேட் டீஹைட்ரோஜினேஸ் (குளுக்கோஸிலிருந்து ஆற்றல் எடுக்க உதவும் நொதி) குறைபாடு உள்ளவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அவர்களுக்கு அதிக குளுக்கோஸே லாக்டேட்டை ஏற்றிவிடும். கீட்டோ உணவில் (மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய உணவில்) இருக்கும் குழந்தைக்கும் தனிக் குறிப்பு தேவை. ஆகவே இந்த வரியை மற்றொரு குழந்தையின் கடிதத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளக் கூடாது.

இரண்டு, கொடுக்கக் கூடாத மருந்துகள். பிஓஎல்ஜி (POLG) என்ற மரபணுவின் கோளாறில் வலிப்புக்கு வால்ப்ரோயேட் கொடுத்தால் கல்லீரல் உயிர்போகும் அளவுக்குச் செயலிழக்கலாம். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் கூடாது. ஜென்டமைசின், அமிகசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் சில மைட்டோகாண்ட்ரியா மரபணு மாற்றம் உள்ளவர்களின் காதைக் கெடுக்கும்.

மூன்று, எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனைகள்: சர்க்கரை, லாக்டேட், அமிலகாரநிலை, உப்புகள், கல்லீரல், அம்மோனியா. லாக்டேட்டுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. கையை இறுகக் கட்டி, குழந்தை வீறிட்டு அழ அழ எடுத்த இரத்தத்தில் எண் பொய்யாக ஏறிக் காட்டும்.

நாள் தேர்வும் முக்கியம். கிராமப்புறத் துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் புதன்கிழமை ஊசி நாள். நமக்கு அது வசதி. புதன் இரவு ஜுரம் வந்தால் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பெரிய மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவு நடக்கும். சனிக்கிழமை போட்டுக்கொண்டால் ஞாயிறு முழுக்கத் தனியாகத் தவிக்க நேரும். பொங்கல், தீபாவளி நெருக்கத்திலும் வேண்டாம். முன்பு ஒருமுறை நெருக்கடி வந்த குழந்தை என்றால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலோ (சி.எம்.சி.) அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நேரம் வாங்கிப் போடுவது நல்லது. மே மாத வேலூர் வெயிலில் நண்பகல் பேருந்துப் பயணம் வேண்டவே வேண்டாம். மைட்டோ நோயுள்ள சிலருக்கு உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறனே குறைவு. வெயில் ஏற்றிய சூடா, ஊசி ஏற்றிய சூடா என்று பிரித்துப் பார்ப்பதும் கடினமாகிவிடும்.

தள்ளிப்போட வேண்டிய நிலைகள்: 100.4 ஃபாரன்ஹீட்டோ மேலோ காய்ச்சல், வாந்தி பேதி, வழக்கமான அளவில் பாதிகூடச் சாப்பிடாத நாள், சமீபத்தில் வந்த வளர்சிதை நெருக்கடி (ஆற்றல் பற்றாமல் உடம்பு சரியும் நிலை), புதிதாகக் கூடிய வலிப்பு. தள்ளிப்போடும்போதே அடுத்த தேதியை அட்டையில் எழுதி வாங்குங்கள். எழுதாத தேதி வருவதில்லை.

ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசி வேண்டாம், பிரித்துப் போடலாமா என்று கேட்பார்கள். பிரித்தால் ஒரு காய்ச்சலுக்குப் பதில் மூன்று காய்ச்சல், மூன்று பயணம், பாதுகாப்பில்லாத வாரங்கள் அதிகம். நிலையாக இருக்கிற குழந்தைக்குப் பிரிக்கக் காரணமில்லை என்பதே எங்கள் கருத்து. நிலையற்ற குழந்தைக்கு மருத்துவர் பிரிக்கச் சொன்னால் அது வேறு.

ஊசி போடும் நேரத்தில்

வயிறு நிறைந்த குழந்தையைக் கொண்டு போங்கள். கைக்குழந்தைக்குத் தசையில் போடும் ஊசிக்குத் தொடையின் முன்பக்க வெளிப்புறம்தான் இடம். பிட்டத்தில் போட விடாதீர்கள். தசை வலுவில்லாத, மெலிந்த தொடை என்றால் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் மைட்டோ நோயான பியர்சன் நோய்க்குறியிலும் கல்லீரல் பாதிப்பிலும் இரத்தத் தட்டணுவோ இரத்தம் உறையும் திறனோ குறைந்திருக்கும். மெல்லிய ஊசி கேட்டு, எடுத்த பின் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பின் அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். வீட்டுக்கு வந்து தைலம், மஞ்சள் பூசுவது வேண்டாம். நனைத்துப் பிழிந்த துணி போதும்.

அடுத்த 48 மணி நேரம்

இங்கேதான் எல்லாம் நிற்கிறது. குழந்தை பசிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடிகாரம் பார்த்து ஊட்டுங்கள். பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவு 10, 2, 6 என்று எழுப்பியாவது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அடிக்கடி பால். பெரிய குழந்தைக்கு அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், இட்லி, பொட்டுக்கடலைக் கஞ்சி, எது இறங்குகிறதோ அது. மூக்குக் குழாய் வழியாக ஊட்டுபவர்கள் ஒரு வேளை அளவைக் குறைத்து வேளைகளைக் கூட்டலாம்.

ஓ.ஆர்.எஸ். பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். 200 மில்லி குடித்தால் பதினோரு கலோரி கிடைக்கும். ஒரு சின்ன இட்லியில் அதைப்போல நாலு மடங்கு. பேதிக்கு ஓ.ஆர்.எஸ். அருமையான மருந்து. ஆனால் ‘குடிக்கிறானே, தெம்பு வந்துவிடும்’ என்று அதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தை பட்டினி கிடக்கிறது என்று பொருள்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் இல்லை. தவறு நடப்பது அளவில். கடையில் மூன்று வகை கிடைக்கும். 10 கிலோ குழந்தைக்கு வேண்டியது 150 மில்லிகிராம். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் 1.5 மில்லி. 5 மில்லியில் 125 உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 3 மில்லி. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 6 மில்லி ஊற்றினால் நாலு மடங்கு போய்விடும். கல்லீரல் நோய் உள்ள குழந்தைக்கு அது தாங்காது. வீட்டில் ஒரே வகை வைத்துக்கொண்டு, அட்டைப்பெட்டி மேல் மில்லி அளவை எழுதி ஒட்டுங்கள். ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். சரியாகச் சாப்பிடாத குழந்தைக்கு இரண்டு நாளுக்கு மேல் மருத்துவரைக் கேட்காமல் தொடரக் கூடாது. கீட்டோ உணவில் இருப்பவர்களுக்கு சிரப்பின் இனிப்பே சிக்கல். சர்க்கரையில்லாத வடிவம் எது என்று முன்பே கேட்டு வையுங்கள்.

காய்ச்சல் வருமுன்னே கொடுத்துவிடலாமா? 2009-ல் செக் குடியரசிலிருந்து வெளியான ஆய்வில், ஊசியோடு வழக்கமாகப் பாரசிட்டமால் கொடுத்த குழந்தைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது, ஆனால் பல ஊசிகளுக்கு எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம்) அளவும் குறைந்தது. சாதாரணக் குழந்தைக்கு வந்த பிறகு கொடுப்பதே சரி. ஒவ்வொரு காய்ச்சலிலும் சரிந்துபோகும் மைட்டோ குழந்தைக்கு முன்கூட்டிக் கொடுக்கச் சொல்லும் மருத்துவர் தவறு செய்யவில்லை. எதிர்ப்பொருளில் கொஞ்சம் இழந்தாலும் மூளையைக் காப்பது லாபம். வலிப்பு மாத்திரை, கார்னிட்டின், ரைபோஃபிளேவின், கோ-க்யூ 10 ஒரு வேளைகூட விடக் கூடாது.

கீழே உள்ளவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள்:

அடுத்தடுத்து இரண்டு வேளை உணவு இறங்கவில்லை, அல்லது வாந்தி நிற்கவில்லை.
எழுப்பினாலும் கண் திறந்து பார்க்கவில்லை. கழுத்து, கை, கால் பிடிப்பு புதிதாகத் தளர்ந்திருக்கிறது. கண் ஒருபக்கம் இழுக்கிறது.
சளி, இருமல் இல்லாமல் மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் இருக்கிறது. ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்: இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40, அதைத் தொட்டால் ஆபத்து.
ஐந்து நிமிடம் தாண்டிய வலிப்பு. எழுதிக் கொடுத்திருந்தால் மிடசோலம் மூக்கு ஸ்ப்ரேயை உடனே அடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஜவ்வாது மலையிலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ நேரே வேலூருக்கு ஓட வேண்டும் என்று தோன்றும். வழியில் உள்ள அரசு மருத்துவமனையில் சர்க்கரை பார்த்து, கடிதப்படி டிரிப்ஸைத் தொடங்கிவிட்டு அங்கிருந்து வருவதே மேல்.

தட்டம்மை ஊசியின் இரண்டாவது வாரத்தில் சில குழந்தைகளுக்கு மெல்லிய தடிப்புகள் வரும். வீட்டுப் பெரியவர்கள் அம்மை பார்த்திருக்கிறது என்பார்கள். வேப்பிலை கட்டட்டும், ஆட்சேபணை இல்லை. ஆனால் ‘அம்மன் வீட்டில் மருந்து கூடாது’ என்று வலிப்பு மாத்திரையை நிறுத்துவதும், மோரும் இளநீரும் மட்டும் கொடுப்பதும் இந்தக் குழந்தைக்கு உயிராபத்து. இதை ஊசிக்கு முந்தின வாரமே பாட்டியிடம் பேசி முடித்துவிட வேண்டும். தடிப்பு வந்த அன்று பேசினால் எடுபடாது.

ஊசி பிடித்ததா

போட்ட ஊசி எல்லாருக்கும் ஒரே அளவு பிடிப்பதில்லை என்பதை உலகுக்குச் சொன்னதில் வேலூருக்குப் பங்கு உண்டு. போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை கொடுத்தும் நம் குழந்தைகளுக்குப் போதிய எதிர்ப்பு வரவில்லை என்று 1970-களிலேயே சி.எம்.சி.யில் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான் காட்டினார். டெல்லி, புனே, வேலூரில் நடந்து 2014-ல் வெளியான ரோட்டாவாக் (ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து) ஆய்விலும் ரோட்டா வைரஸால் வரும் கடும் வயிற்றுப்போக்கைத் தடுத்த அளவு 50-க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில்தான். அவை குடல் வழிச் சொட்டு மருந்தின் கதை.

மைட்டோ நோயில் காரணம் உள்ளே இருக்கிறது. எதிர்ப்பொருள் செய்யும் பி செல் ஒன்று பலவாகப் பெருகி, பிறகு நினைவுச் செல்லாக நிலைக்க நிறைய ஆற்றல் வேண்டும். அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழக ஆய்வாளர்கள் மைட்டோ நோயாளிகளின் பி செல்களில் மாறுதல்களைக் கண்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஊசி பிடிக்காது என்பது இதன் பொருளல்ல. அடிக்கடி நிமோனியா, காதில் சீழ் என்று அவதிப்படுகிற குழந்தைக்குச் சோதித்துப் பார்க்கக் காரணம் உண்டு என்பதே பொருள்.

சோதிக்கும் வழி எளிது, நேரம்தான் முக்கியம். ஹெபடைடிஸ் பி கடைசி டோஸ் போட்டு ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் எதிர்ப்பொருள் பாருங்கள். எண் 10 (mIU/mL) அல்லது அதற்கு மேல் இருந்தால் பிடித்திருக்கிறது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்து 10-க்குக் கீழே என்றால் பதறாதீர்கள். ஆரோக்கியமானவர்களுக்கும் எண் இறங்கும், நினைவு மட்டும் நிற்கும். ஒரு டோஸ் போட்டு நாலு வாரம் கழித்து மறுபடி பார்த்தால் நினைவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அப்போதும் எகிறவில்லை என்றால் தொடரை முழுதாகத் திரும்பப் போடுவார்கள். கூடவே ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் வகைகளின் அளவுகளையும் பார்ப்பார்கள்.

இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிறகு இந்தச் சோதனை பயனற்றது. வருவது தானம் கொடுத்தவர்களின் எதிர்ப்பொருள். அதே காரணத்தால் தட்டம்மை ஊசியும் அப்போது பிடிக்காது. அளவைப் பொறுத்து 8 முதல் 11 மாதம்வரை தள்ளுவார்கள். இரத்தச் சிவப்பணு ஏற்றினால் ஏறத்தாழ ஆறு மாதம். பியர்சன் குழந்தைகள் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள். அட்டையில் ஊசித் தேதிக்குப் பக்கத்திலேயே இரத்தம் ஏற்றிய தேதியையும் எழுதுங்கள்.

அட்டையில் இல்லாதவை

ஃப்ளூ ஊசி ஆறு மாதத்துக்குப் பிறகு ஆண்டுதோறும். ஒன்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு முதல் தடவை நாலு வாரம் விட்டு இரண்டு டோஸ். மழைக்காலத்துக்கு முன் முடித்துவிடுங்கள். இரண்டு வயதுக்குப் பிறகு 23 வகை நிமோகாக்கல் ஊசி, முந்தைய நிமோகாக்கல் ஊசியிலிருந்து எட்டு வாரமாவது கழித்து. டைபாய்டு காஞ்சுகேட் ஊசியை இந்தப் பகுதியில் கட்டாயம் என்றே சொல்வோம். நாட்டில் குடல் காய்ச்சலைக் கணக்கெடுத்த ஆய்வில் வேலூரில் பாதிப்பு அதிகம் என்று தெரிந்தது. டைபாய்டு என்றால் வாரக்கணக்கில் ஜுரம், வாரக்கணக்கில் சாப்பாடின்மை.

வீட்டில் இருப்பவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும். தாத்தா பாட்டிக்கு ஃப்ளூ ஊசி, கூடப்பிறந்தவர்களுக்கு அட்டை முழுதாக. அடுத்த பிள்ளை பிறக்கும்போது பிசிஜி, ஹெபடைடிஸ் பி, போலியோ சொட்டு ஆகியவற்றைப் பயந்து நிறுத்தாதீர்கள். ஆறாவது வாரத்துக்கு முன் மருத்துவரைப் பார்த்துத் திட்டம் வாங்கிவிடுங்கள். அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணந்த வீடுகளில், தாய் வழியாக மட்டும் வரும் வகையா, இரு பக்கமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்து சேர்ந்த வகையா என்று மரபணுச் சோதனையில் பிரித்துத் தெரிந்துகொள்வது அடுத்த பிள்ளைக்கு உதவும்.

தெரு நாய் கடித்தால் மேலே சொன்ன தள்ளிப்போடும் விதி எதுவும் செல்லாது. காய்ச்சல் இருந்தாலும், நெருக்கடியிலிருந்து எழுந்த அன்றே என்றாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே வெறிநாய்க்கடி ஊசியைத் தொடங்க வேண்டும். எதிர்ப்புக் குறைவு என்று ஏற்கெனவே சோதனையில் தெரிந்தவர்கள் அதை அங்கேயே சொல்லுங்கள். இரத்தம் வராத கீறலாக இருந்தாலும் அவர்களுக்கு இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போட வேண்டியிருக்கும்.